ராமேஸ்வரம் அருகே மண்டபம் என்ற ஊரில் இருந்த கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் ஏன் கொச்சிக்குப் போனது?

நிலையம் முழுசாகப் போகவில்லை, போனது தலைமையகம் மட்டும்தான். மத்திய அரசு 1947-இல் சென்னையில் தொடங்கிய நிலையம் இது. 1949-இல் மண்டபம் முகாமுக்கு வந்தது. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களை மருத்துவச் சோதனைக்காக நிறுத்திவைத்த கட்டடங்கள் அங்கே இருந்தன. அவற்றில்தான் ஆய்வுக்கூடம் அமைந்தது. பவளப்பாறை ஆய்வுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது கஷ்டம்.

1967-இல் நிர்வாகம் வேளாண் அமைச்சகத்திடமிருந்து இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்துக்கு மாறியது. அப்புறம் 1971-இல் தலைமையகம் கொச்சிக்கு. இறால் ஏற்றுமதி, துறைமுகம், பெரிய நகர வசதி எல்லாம் அந்தப் பக்கம் இருந்ததால், என் பார்வையில் அது புரிந்துகொள்ளக்கூடிய முடிவுதான். மண்டபம் இன்றும் மண்டல மையம்; கடல்விரால் (கோபியா) மீன் குஞ்சு பொரிப்பில் பேர் வாங்கியது அங்கேதான்.