பதில்: செமினாருக்கு 'கேகன் டீ வாண்ட்' சரியா வருமா?

வணக்கம். பி1 அளவு (இடைநிலை) ஜெர்மன், பதினைந்து நிமிட செமினார், தலைப்பு 'ஜெர்மனியில் குடியேறிகள்', துருக்கிய வம்சாவளி ஜெர்மன் இயக்குநர் ஃபாத்தி அக்கினின் 'கேகன் டீ வாண்ட்' படம் போதுமா என்று கேட்டிருந்தீர்கள்.

படம் அபாரம்தான்; 2004-இல் பெர்லின் விழாவில் தங்கக் கரடி வாங்கியது. ஆனால் தற்கொலை முயற்சி, ரத்தம், படுக்கையறை என்று போகும். வகுப்பில் எந்தக் காட்சியைப் போட்டாலும் நெளிய வேண்டியிருக்கும்.

பேசாமல் யாசெமின் ஷம்தெரெலி இயக்கிய 'அல்மான்யா' (2011) படத்தை எடுங்கள். 1964-இல் ஜெர்மனிக்கு வந்த பத்து லட்சமாவது அயல்நாட்டுத் தொழிலாளி ஒரு போர்ச்சுகீசியர். கொலோன் ரயில் நிலையத்தில் அவருக்கு மொபெட் பரிசு கொடுத்தார்கள். இது நிஜம். படத்தில் வரும் துருக்கித் தாத்தா அவருக்கு அடுத்த ஆள், பரிசு கிடையாது. அப்புறம் அந்தத் துருக்கிக் குடும்பம் ஜெர்மனியில் வந்து இறங்கும் காட்சிகள். அதில் துருக்கியர்கள் பேசுவது நல்ல ஜெர்மன், ஜெர்மானியர்கள் பேசுவதோ யாருக்கும் புரியாத ஒரு கற்பனை மொழி! அம்மா கடைக்குப் போய்ச் சைகையிலேயே சாமான் வாங்கும் இடத்தை மட்டும் போட்டுக் காட்டுங்கள், வகுப்பு விழுந்து விழுந்து சிரிக்கும். விளக்கமே தேவைப்படாது.

கூடவே ஒரு நாவல் வேண்டுமென்றால், யாழ்ப்பாணத்தில் பிறந்த செந்தூரன் வரதராஜா ஜெர்மனில் எழுதி 2016-இல் வந்த 'ஃபோர் டேர் சூநாமே டேர் சைஷன்'. ஈழத்து இளைஞனும் கொசோவோவிலிருந்து வந்த பெண்ணும் முகநூலில் பேசிக்கொள்வதுதான் முழுக்கதையும். நடை கடினம், பி1-க்கு எட்டாது. நாலு பக்கத்தை உங்கள் ஆசிரியரோடு உட்கார்ந்து படியுங்கள், செமினாருக்கு அது போதும்.