கேள்வி – பதில்: புல்தரையில் பலுகு ஓட்டலாமா?

கேள்வி: எங்கள் வீட்டு முன்னால் ஒன்றரை சென்ட்டில் அருகம்புல் தரை, செம்மண். மகள் கல்யாணத்துக்கு வந்தவர்கள் அதன்மேலேயே கார்களை நிறுத்தினார்கள். அதிலிருந்து தண்ணீர் இறங்காமல் தேங்குகிறது, புல்லும் மஞ்சளடிக்கிறது. கொட்டகையில் பழைய பலுகு (மாடு பூட்டி இழுக்கும் பல் வைத்த கருவி), கோனோவீடர் (நெல் வயலில் தள்ளிக் களையெடுக்கும் கருவி), கடப்பாரை கிடக்கின்றன. இவற்றை வைத்து மண்ணை இளக்கலாமா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: மூன்றில் கடப்பாரைதான் உங்களுக்கு உதவும், அதுவும் கொஞ்சம் மாற்றிக்கொண்டால்.

பலுகின் பற்கள் உழுத மண்ணில் கட்டி உடைக்கவும் களையை இழுத்துப் போடவும் ஆனவை. இறுகிய தரையில் அவை ஆழமாக இறங்காது. அருகின் ஓடுதண்டைத்தான் பிய்த்துக்கொண்டு வரும். காங்கேயம் பக்கம் எங்கள் கொரங்காட்டில், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தில், சில வருடங்களுக்கு ஒருமுறை ஏர் ஓட்டுவோம். அங்கே கொழுக்கட்டைப்புல் விதை விழுந்து மறுபடி முளைத்துக்கொள்ளும், ஆடுமாடும் அதுவரை வேறு காட்டில் மேயும். வீட்டு வாசலை ஒரு பருவம் முழுக்க மொட்டையாக விட உங்களுக்கு மனசு வராது. கோனோவீடர் சேற்று வயலுக்கு உரியது, அதை விடுங்கள்.

கடப்பாரையை அப்படியே குத்தினால் ஓட்டை விழும், ஆனால் மண் வெளியே வராது. பக்கவாட்டில் நெருங்கி ஓட்டையைச் சுற்றி இன்னும் இறுகும். கரிசல் மண்ணாக இருந்தால் கோடையில் தானே வெடித்துக் காற்று போகும். செம்மண்ணுக்கு அந்தக் குணம் கிடையாது. அதனால் மண்ணைத் துண்டு துண்டாக வெளியே எடுத்தாக வேண்டும்.

பக்கத்து வெல்டிங் பட்டறைக்குக் கடப்பாரையைக் கொண்டுபோங்கள். அடிப்பக்கம் மிதிக்கத் தோதாக ஒரு குறுக்குக் கம்பி, அதன் கீழே அரையடி இடைவெளியில் இரண்டு அரை அங்குல ஜி.ஐ. குழாய்த் துண்டுகள் வைக்கச் சொல்லுங்கள். கடப்பாரையின் முனை குழாயைவிட நீளமாகத் துருத்தினால் அறுத்துவிட வேண்டும். குழாயின் கீழ் விளிம்பைக் கூராகத் தேய்த்து, மேல்பாதியில் பக்கவாட்டில் நீளமாக ஒரு வெட்டுப் போடச் சொல்ல மறக்காதீர்கள். உள்ளே திணியும் மண் அந்த வழியாகத்தான் வெளியேறும். அது இல்லாவிட்டால் குழாய் அடைத்துக்கொண்டே இருக்கும்.

முந்தின நாள் சாயங்காலம் தண்ணீர் விடுங்கள். காலையில் மண் ஈரமாக இருக்க வேண்டும், காலில் ஒட்டக் கூடாது. மூன்று நான்கு அங்குல ஆழத்துக்கு, அரையடிக்கு ஒன்றாக ஓட்டை போட்டால் போதும். கார் நின்ற இடத்தில் மட்டும் இன்னும் நெருக்கமாகப் போடுங்கள். கடப்பாரை கனம் என்பதால் மிதிப்பது சுலபம், தூக்குவது சிரமம். இரண்டு மூன்று காலைகளாகப் பிரித்துச் செய்யுங்கள்.

வெளியே வந்த மண் காய்ந்ததும் சீமாறால் தட்டி உடையுங்கள். அப்புறம் சலித்த மட்கிய தொழுவுரத்தை மணலோடு கலந்து தூவி, ஓட்டைக்குள் போகும்படி கூட்டிவிட்டு நன்றாகத் தண்ணீர் காட்டுங்கள்.

சித்திரை வெயிலில் இதைத் தொட வேண்டாம், புல் தாங்காது. ஆவணியில் செய்தால் ஐப்பசி மழைக்குள் வேர் இறங்கியிருக்கும். தரைக்கு அடியில் தண்ணீர்க் குழாயோ தோட்ட விளக்கு ஒயரோ போகிறதா என்று முதலில் விசாரித்து, அந்தத் தடத்தைச் சுண்ணாம்பால் கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.