சிமுலேட்டரில் சரி, கருவியில் குப்பை: முதலில் கேட்டை எண்ணுங்கள்

வணக்கம். 10 க்யூபிட் (குவாண்டம் கணினியின் பிட்), 60 சிநாட் கேட் (இரண்டு க்யூபிட்டைச் சேர்த்து இயக்கும் அடிப்படைச் செயல்) உள்ள சர்க்யூட், சாதாரணக் கணினியில் ஓடும் சிமுலேட்டரில் சரியாக வருகிறது, நிஜக் குவாண்டம் கருவியில் ஓட்டினால் விடை கன்னாபின்னாவென்று வருகிறது, பிழை குறைக்கும் மென்பொருளுக்குப் பணம் கட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

இப்போதைக்குக் கட்டாதீர்கள். நீங்கள் எழுதியது 60 கேட். ஓடுவது 60 இல்லை. பல சிப்புகளில் பக்கத்துப் பக்கத்து க்யூபிட்தான் பேசிக்கொள்ளும். தள்ளி இருப்பதை இழுத்து வர ஸ்வாப் (இரண்டு க்யூபிட்டின் நிலையை இடம் மாற்றுவது) போட வேண்டும்; ஒவ்வொரு ஸ்வாப்புக்கும் 3 சிநாட். டிரான்ஸ்பைல் ஆன பிறகு, அதாவது சர்க்யூட்டை அந்தக் கருவிக்கு ஏற்றபடி மென்பொருள் மாற்றி எழுதிய பிறகு, எண்ணிப் பாருங்கள், 200 வந்தாலும் ஆச்சரியமில்லை. ஒரு கேட் 99 சதவீதம் சரி என்றாலும், 200 கேட்டும் பிழையில்லாமல் முடிய வாய்ப்பு சுமார் 13 சதவீதம்தான். நானும் இதைப் பார்க்காமல் இரண்டு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டவன்!

அதனால் முதலில் சர்க்யூட்டைச் சுருக்குங்கள். 2019-இல் பிரிட்டனில் தொடங்கிய ஃபேஸ்கிராஃப்ட் நிறுவனத்தின் வேலையே கிட்டத்தட்ட இதுதான்: கருவி மேம்படும்வரை காத்திருக்காமல், இருக்கிற கருவிக்குள் அடங்கும்படி அல்காரிதத்தை இளைக்க வைப்பது.

அப்புறம் மிடிக் என்ற இலவசப் பைத்தான் நூலகத்தைப் போட்டுப் பாருங்கள். வேண்டுமென்றே இரைச்சலை (கருவியில் பிழை உண்டாக்கும் இடையூறை) 3 மடங்கு, 5 மடங்கு கூட்டி ஓட்டி, அந்தப் புள்ளிகளை வைத்து இரைச்சல் பூஜ்யமானால் என்ன வரும் என்று கணிக்கும். ஓட்டங்கள் கூடும், கருவி நேரச் செலவும் ஏறும். 200 கேட்டில் அது உதவாது; 60-க்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டு முயலுங்கள்.

டிரான்ஸ்பைலுக்குப் பிந்தைய எண்ணிக்கையை இங்கே போடுங்கள், பார்க்கலாம்.