இரண்டு லிட்டர் என்றால் இரண்டு லிட்டர்தான்

வீட்டில் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டரும் (அறைக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மெஷின்) சிபாப் கருவியும் (தூக்கத்தில் தொண்டை அடைபடாமல் மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தரும் மெஷின்) வைத்திருக்கும் வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

அப்பாவுக்கு 68 வயது. பீடி பிடித்தவர், சி.ஓ.பி.டி. (மூச்சுப்பாதை சுருங்கிப்போகும் நாள்பட்ட நுரையீரல் நோய்) இருக்கிறது. கான்சென்ட்ரேட்டரில் நிமிடத்துக்கு 2 லிட்டர், தினமும் 16 மணி நேரம் வைக்கச் சொன்னார்கள். விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் மீட்டர் 90 சதவீதம் காட்டியதும் பயந்துபோய் 4 லிட்டருக்கு ஏற்றினோம். இப்போது 97 வருகிறது. ஆனால் காலையில் தலைவலி என்கிறார், பகலெல்லாம் தூங்கி வழிகிறார். ஏன்?
– வாசகி, தேனி

அந்த 97தான் காரணமாக இருக்கலாம். உங்களுக்கும் எனக்கும் 97 நல்ல எண். சி.ஓ.பி.டி. முற்றியவர்களுக்கு, ஆக்சிஜன் கொடுக்கும்போது 88 முதல் 92 வரை நின்றால் போதும் என்பதுதான் பொதுவான கணக்கு. அப்பாவின் 90 சரியாகவே இருந்திருக்கிறது.

கெட்டுப்போன நுரையீரலில் காற்று நுழையாத இடங்களுக்கு ரத்தம் போவதை உடம்பே குறைத்து வைத்திருக்கும். ஆக்சிஜன் தேவைக்கு மேல் ஏறினால் அங்குள்ள ரத்தக் குழாய்கள் விரிந்துகொள்ளும். அங்கே போகிற ரத்தம் கரியமில வாயுவை இறக்கிவைக்க முடியாமல் திரும்பி வரும். மூச்சின் வேகமும் கொஞ்சம் மட்டுப்படும். காலைத் தலைவலி, மந்தம், கை நடுக்கம், பேச்சில் தடுமாற்றம் எல்லாம் அந்த வாயு தேங்குவதன் அடையாளங்கள். விரல் மீட்டருக்கு கரியமில வாயுவைப் பற்றி ஒன்றும் தெரியாது.

ஆக்சிஜனை ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள், அது இதைவிட ஆபத்து. எழுதிக்கொடுத்த 2 லிட்டருக்கு இறக்கி, மீட்டரைப் பார்த்துக்கொண்டே இருங்கள். இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மணிக்கட்டில் ஊசி போட்டு எடுக்கும் தமனி ரத்தப் பரிசோதனையில் விவரம் தெரிந்துவிடும். வாயு தேங்கியிருந்தால் பைபாப் (மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி மூச்சுக்குத் துணை செய்யும் மெஷின்) தேவைப்படலாம். எழுப்பினாலும் விழிக்கவில்லை, பேச்சு குழறுகிறது, 2 லிட்டரில் 88-க்குக் கீழே இறங்குகிறது என்றால் 108-ஐ அழையுங்கள்.

மூச்சு இரைப்பது வேறு, ஆக்சிஜன் குறைவது வேறு. 90 இருந்தும் இரைத்தால் லிட்டரைக் கூட்டிப் பயனில்லை. முன்னால் சாய்ந்து முழங்கைகளை மேசையில் ஊன்றி, மூக்கால் இழுத்து, சூடான காப்பியை ஆற்றுவதுபோல் உதட்டைக் குவித்து மெதுவாக ஊதச் சொல்லுங்கள். மீட்டரை நம்புவதற்கு முன் விரலையும் பாருங்கள். சில்லிட்ட கை, நகப்பூச்சு, மருதாணி மூன்றுமே எண்ணை மாற்றிக் காட்டக்கூடியவை. விரலைத் தேய்த்துச் சூடாக்கி, எண் ஒரு நிமிடம் ஆடாமல் நின்ற பிறகு குறித்துக்கொள்ளுங்கள்.

மெஷின் ஓடுகிறது, ஆனால் மூக்கில் காற்றே வரவில்லை என்கிறார் அம்மா.
– வாசகர், விருதுநகர்

1, 2 லிட்டர் காற்று மூக்கில் உறைக்காது. கேனுலாவின் (மூக்கில் மாட்டும் ஆக்சிஜன் குழாய்) இரண்டு முனைகளையும் ஒரு தம்ளர் தண்ணீரில் முக்குங்கள். குமிழி வந்தால் வருகிறது என்று அர்த்தம். வராவிட்டால் முதல் சந்தேகம் ஆக்சிஜனை ஈரமாக்க மெஷினில் மாட்டியிருக்கும் தண்ணீர் பாட்டிலின் மூடி மேல்தான். மரை ஏறுமாறாக ஏறியிருந்தால் காற்று அங்கேயே கசிந்துவிடும். சோதிப்பது சுலபம்: பாட்டிலிலிருந்து வெளியே வரும் குழாயை மடக்கிப் பிடியுங்கள். மூடி இறுக்கமாக இருந்தால் சில விநாடிகளில் பாட்டிலின் பாதுகாப்பு வால்வு விசில் அடிக்கும். சத்தமே இல்லையென்றால் கசிவு. மூடி சரியாக இருந்தால், குழாய் நாற்காலிக் காலடியில் நசுங்கியிருக்கிறதா, உள்ளே தண்ணீர் கோத்திருக்கிறதா என்று பாருங்கள்.

பாட்டிலில் டிஸ்டில்டு வாட்டர் நல்லது, தினமும் மாற்ற வேண்டும். மெஷினின் ஸ்பாஞ்ச் ஃபில்டரை வாரம் ஒருமுறை கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து வைத்து ஆக்சிஜனை மட்டும் வெளியே விடுவது உள்ளேயிருக்கும் ஜியோலைட் மணிகள். அவற்றுக்கு ஈரம் ஆகாது.

கரண்ட் போனால் என்ன செய்வது? இன்வெர்ட்டர் போதுமா?
– வாசகர், திருவாரூர்

5 லிட்டர் கான்சென்ட்ரேட்டர் சுமார் 350 வாட் இழுக்கும். 150 ஆம்பியர் பேட்டரி ஒன்று புதிதாக இருந்தால் ஏறக்குறைய 3 மணி நேரம் வரும், அதுவும் அந்த லைனில் ஃபேனும் டி.வி.யும் ஓடாவிட்டால். கம்ப்ரசர் கிளம்பும்போது சில மடங்கு கூடுதலாக இழுக்கும் என்பதால் சைன் வேவ் இன்வெர்ட்டராகவே இருக்கட்டும்.

புயல் நாட்களுக்கு அது காணாது. பி டைப் சிலிண்டர் ஒன்று கட்டாயம் வேண்டும். கறுப்பு உடம்பும் வெள்ளைத் தோளுமாக இருக்கும் அதன் கொள்ளளவு 10 லிட்டர். அதனால் ரெகுலேட்டர் ‘பார்’ அளவில் காட்டும் அழுத்தத்தை 10-ஆல் பெருக்கினால் மிச்சமிருக்கும் ஆக்சிஜன் கிடைத்துவிடும். முள் 150-இல் நின்றால் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் பன்னிரண்டரை மணி நேரம். முள் 60-இல் நின்றால் 5 மணி நேரம்தான். அடிவரை வரும் என்று நம்பாமல் ஒரு மணி நேரத்தைக் கழித்தே கணக்குப் போடுங்கள். சிலிண்டரை நிமிர்த்திச் சங்கிலியால் கட்டி வையுங்கள். தலைக்கு எண்ணெய் தேய்த்த கையோடு வால்வைத் தொடவே கூடாது. அழுத்தத்தில் வரும் ஆக்சிஜனில் எண்ணெய் தானாகத் தீப்பிடிக்கும்.

பூஜை அறையில் விளக்கேற்றலாமா?
– வாசகி, கும்பகோணம்

ஆக்சிஜன் போட்டிருப்பவர் ஏற்றக் கூடாது, ஊதுபத்தியும் கூடாது. மற்றவர்கள் ஏற்றட்டும், அவரும் குழாயும் 3 மீட்டராவது தள்ளி இருந்தால் போதும். கேனுலாவைக் கழற்றிக் கட்டிலில் போட்டுவிட்டு மெஷினை ஓடவிடுவதும் தவறு. மெத்தையில் ஆக்சிஜன் ஊறிவிடும். மூக்கு காய்ந்தால் வாசலின் வேண்டாம், தண்ணீர் கலந்த ஜெல் தடவுங்கள்.

குறட்டைக்கு சிபாப் போடுகிறேன். ஏ.சி. அறையில் நடுராத்திரி குழாயில் தண்ணீர் களகளவென்கிறது. காலையில் வாய் உலர்ந்து போகிறது.
– வாசகர், கோயம்புத்தூர்

ஹியூமிடிஃபயரிலிருந்து (காற்றை ஈரமாக்கும் தண்ணீர்த் தொட்டி) வரும் வெதுவெதுப்பான ஈரக் காற்று குளிர்ந்த குழாயில் பட்டுத் தண்ணீராகிறது. மெஷினைத் தலைமட்டத்துக்குக் கீழே வையுங்கள், குழாயைப் போர்வைக்குள் விடுங்கள், ஏ.சி.யை இரண்டு டிகிரி ஏற்றுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஈரப்பத அளவை ஒரு படி குறைக்கலாம்.

வாய் உலர்வது வாய் வழியாகக் காற்று கசிவதால். மூக்கடைப்பு இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பிறகும் வாய் திறந்தால் மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்க்குக்கு மாறலாம். மாஸ்க் பட்டையை உட்கார்ந்தபடி இறுக்காதீர்கள்; மெஷினை ஓடவிட்டு, படுத்த நிலையில், ஒரு விரல் நுழையும் அளவுக்கு மட்டும். அளவுக்கு மீறி இறுக்கினால் குஷன் மடங்கி இன்னும் கசியும். மாஸ்க்கின் முன்பக்கத்தில் இருக்கும் பொடி ஓட்டைகளில் காற்று சீறுவது கசிவு அல்ல. நீங்கள் விடும் மூச்சு வெளியேறும் வழி அது, டேப் ஒட்டிவிடாதீர்கள்.