ஈபிள் டவர்ல டின்னரா லஞ்சா? அம்மா வேற சுத்த சைவம்!

கோயம்புத்தூர்லருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கார். ஜூன் மாசம் குடும்பத்தோட பாரிஸ் போறாங்களாம், கல்யாணமாகி 25 வருஷம், அதைக் கொண்டாட ஈபிள் டவர் மேலயே ஒரு டின்னர் சாப்பிடணும்னு மனைவிக்கு ஆசை. கூட அம்மாவும் வர்றாங்க, முட்டை கூட தொடாத சைவம். எந்த ரெஸ்டாரன்ட், எந்த டைம், என்ன டிரெஸ், அம்மாவுக்கு அங்க ஏதாவது கிடைக்குமா, குடுக்கற காசுக்கு வொர்த்தா, இதுதான் கேள்வி.

முதல்ல ஒரு விஷயம் சார். டவர் மேல உக்காந்தா டவர் தெரியாது. சிரிக்காதீங்க, நிறைய பேர் மேல போய் உக்காந்த அப்புறம்தான் இதை யோசிக்கறாங்க. மாப்பசான்னு ஒரு பிரெஞ்சு எழுத்தாளர், இந்த டவர் கட்டவே கூடாதுன்னு 1887ல கையெழுத்து போட்டவர்ல ஒருத்தர், அவர் அப்புறமா அடிக்கடி டவர்லயே போய் சாப்பிடுவாராம், ஏன்யான்னு கேட்டா பாரிஸ்லயே இந்த சனியன் கண்ணுல படாத ஒரே இடம் இதுதான்னாராம். கதையோ நிஜமோ, பாயிண்ட் கரெக்ட். மினுக்குற டவர் பின்னாடி தெரிய ஃபேமிலி போட்டோ எடுக்கணும்னா எதிர்ல ட்ரொக்காடேரோவுல கஃபே த லோம், இல்ல கே பிரான்லி மியூசியம் மொட்டைமாடியில லே ஓம்ப்ர், இந்த மாதிரி இடத்துல உக்காரணும்.

இல்ல, டவர் உள்ளயேதான்னா ரெண்டு சாய்ஸ். ரெண்டாவது மாடியில, 125 மீட்டர் உயரத்துல, லு ஜூல் வெர்ன், 1983லருந்து இருக்கு. 2019லருந்து ஃப்ரெடெரிக் அந்தோன்ங்கற செஃப் பொறுப்புல நடக்குது, அவரோட இன்னொரு ரெஸ்டாரன்ட் லு ப்ரே கத்தலானுக்கு மூணு மிஷ்லான் ஸ்டார் (நல்ல சமையலுக்கு மிஷ்லான் கைடு குடுக்கற மார்க், மூணுதான் உச்சம்), இதுக்கு 2024ல ரெண்டாவது ஸ்டார் வந்துச்சு. அதாவது டூரிஸ்ட் வர்றான்னு எதையோ வச்சு காசு புடுங்கற இடம் இல்ல, சமையலே சீரியஸ். ராத்திரி ஒரு ஆளுக்கு 200 யூரோவுக்கு மேல வச்சுக்கோங்க, வைன் தனி. இன்னொண்ணு முதல் மாடியில, 57 மீட்டர்ல, மதாம் ப்ராஸ்ரி, 2022ல தியெரி மார்க்ஸ்ங்கற செஃப் ஆரம்பிச்சது, பில் கணிசமா கம்மி, கொஞ்சம் கலகலன்னு இருக்கும், குழந்தை குட்டியோட போனாலும் யாரும் ஒரு மாதிரி பாக்க மாட்டாங்க. (1889ல டவர் திறந்தப்பவே முதல் மாடியில நாலு ரெஸ்டாரன்ட் இருந்துச்சு, அதுல ஒண்ணு ரஷ்யன் சாப்பாடு. ஆக டவர்ல சாப்பிடறதுங்கறது டவர் அளவுக்கே பழசு.)

இப்ப டைம், இங்கதான் எல்லாரும் கோட்டை விடுவாங்க. பாரிஸ்ல ஜூன் மாசம் சூரியன் மறையவே ராத்திரி பத்து மணி ஆகிடும். நீங்க ஏழு மணிக்கு டேபிள் போட்டா மூஞ்சில வெயில் அடிக்க அடிக்க சாப்பிட்டுட்டு இறங்கிடுவீங்க, ஊரோட லைட்டு ஒண்ணு கூட பாக்க முடியாது. லைட்டு வேணும்னா ஒன்பது மணிக்கு மேல உக்காரணும், அப்படி உக்காந்தா முடிக்க நடுராத்திரி, இந்த மாதிரி சாப்பாடு ரெண்டரை மூணு மணி நேரம் இழுக்கும், வயசான அம்மாவை வச்சுக்கிட்டு அது சரிப்படாது. டிசம்பர்னா கதையே வேற, அஞ்சு மணிக்கே இருட்டிடும். அதனால என் ஓட்டு வாரநாள் லஞ்சுக்கு. விலையும் இறங்கும், செய்ன் நதி, டவர் கீழ இருக்கற சாம்ப் த மார்ஸ் பார்க் எல்லாம் பளிச்சுனு தெரியும். ராத்திரி கீழ புல்தரையில உக்காந்து டவர் மினுக்கறதை ஓசியிலயே பாருங்க, இருட்டினதுக்கு அப்புறம் மணிக்கு ஒரு தடவை அஞ்சு நிமிஷம், 20,000 பல்பு.

அம்மா விஷயம். பிரான்ஸ்ல வெஜிடேரியன்னு மட்டும் சொன்னா பத்தாது. ஐரோப்பாவுல ஒரு ஊர்ல (இடம் பேரு வேணாம்) எங்க மாமாவுக்கு வெஜ் சூப்னு குடுத்தாங்க, பாதி குடிச்ச அப்புறம் கேட்டா காய் எல்லாம் வெஜ்தான், வேகவச்ச தண்ணி மட்டும் மீன் ஸ்டாக்காம். மாமா அன்னிக்கு மூணு தடவை குளிச்சார். அதனால ரிசர்வ் பண்ணும்போதே விவரமா எழுதிடுங்க: இறைச்சி, மீன், முட்டை, எலும்பு ஸ்டாக், ஜெலட்டின் எதுவும் வேணாம், பால் வெண்ணெய் ஓகே. சீஸ்ல ஒரு சிக்கல், கோம்தே, ரோக்ஃபோர் மாதிரி பாரம்பரிய சீஸ்ல கன்னுக்குட்டி இல்ல ஆட்டுக்குட்டி வயித்துலருந்து எடுக்கற, பாலை உறைய வைக்கற ரென்னெட் போடுவாங்க, அம்மாவுக்கு அது பிரச்சனைன்னா அதையும் சேத்து எழுதுங்க. முட்டை இல்லாம பிரெஞ்சு டெசர்ட் பண்றது அவங்களுக்கு பெரிய வேலை, கடைசியில பழம்தான் வரும்னு நினைச்சுக்கோங்க. அவங்க பதில் எழுதி ஓகேன்னு சொன்னாதான் அம்மாவுக்கு சீட், அங்க போய் உக்காந்துட்டு மாத்தச் சொன்னா நடக்காது. உண்மைய சொல்லணும்னா, அம்மாவை லா ஷப்பெல் பக்கம் கூட்டிட்டு போனா, கார் து நோர் ஸ்டேஷன் பக்கத்துலதான், நம்ம ஈழத்து ஆளுங்க கடை வரிசையா இருக்கு, இடியாப்பமோ தோசையோ சாப்பிட்டு இன்னும் சந்தோஷமா இருப்பாங்க. டவர்ல நீங்க ரெண்டு பேரும் போங்க, உங்க கல்யாண நாள்தானே.

டிரெஸ்ஸுக்கு ரொம்ப அலட்டிக்க வேணாம். ஷார்ட்ஸ், டிஷர்ட், ஸ்போர்ட்ஸ் ஷூ கூடாது. உங்களுக்கு ஃபுல் பேன்ட், நல்ல சட்டை, முடிஞ்சா ஒரு பிளேசர். மனைவி பட்டுப்புடவை கட்டட்டும், அந்த ஹால்லயே பெஸ்ட் டிரெஸ் அதாத்தான் இருக்கும். மேல காத்து ஜாஸ்தி, ஒரு ஷால் எடுத்துக்கோங்க.

ஜூல் வெர்னுக்கு டவரோட தெக்கு கால்ல தனி லிஃப்ட், பொது க்யூவுல நிக்க வேணாம், ஆனா செக்யூரிட்டி செக் உண்டு, அரை மணி முன்னாடியே போயிடுங்க. பெரிய பெட்டியோட போகாதீங்க. ரெஸ்டாரன்ட்ல டேபிள் இருக்குங்கறதுக்காக உச்சிக்கு விட மாட்டாங்க, அதுக்கு தனி டிக்கெட். ஜன்னலோர டேபிள் எல்லாருக்கும் கிடைக்காது, கேட்டு வைங்க. டவர்ல ஸ்ட்ரைக் வேற வரும், 2024 பிப்ரவரியில ஆறு நாள் மூடியே கிடந்துச்சு, அதனால கிளம்பற கடைசி நாள்ல புக் பண்ணாதீங்க.

தண்ணி என்ன வேணும்னு கேப்பாங்க, சும்மா தலையாட்டினா பாட்டில் வந்து பில்லுல ஏறும், கராஃப் தோன்னு சொன்னா குழாய்த் தண்ணி, ஃப்ரீ. டிப்ஸ் கட்டாயம் இல்ல, சர்வீஸ் விலையிலயே சேந்திருக்கு. பில்லு நீங்களா கேக்கற வரைக்கும் வராது, கண்டுக்காம இருக்காங்கன்னு கோவப்படாதீங்க, கேக்காம நீட்டறதைத்தான் அங்க எழுந்து போங்கன்னு சொல்ற மாதிரி எடுத்துப்பாங்க. லாதிஸ்யோன் சில்வூப்ளேன்னு ஒரு தடவை சொல்லுங்க, வந்துடும்.