விண்வெளி ஓடம் மாதிரி: எது கழன்று விழும், எது திரும்பி வரும்?

கேள்வி: பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு என் மாணவிகள் அமெரிக்க விண்வெளி ஓடத்தின் மாதிரியைச் செய்கிறார்கள். பாகங்களைக் கழற்றிக் காட்ட வேண்டும். எவை திரும்ப வந்தன? பெரிய எரிபொருள் தொட்டி ஒரு படத்தில் வெள்ளை, இன்னொன்றில் ஆரஞ்சு. எதை அடிப்பது?

பதில்: இரண்டு படமும் சரிதான் டீச்சர். 1981-இல் கொலம்பியா பறந்த முதல் இரண்டு பயணங்களில் மட்டும் தொட்டி வெள்ளை. அப்புறம் பெயின்ட்டையே விட்டுவிட்டார்கள், சுமார் 270 கிலோ மிச்சம். ஆரஞ்சாகத் தெரிவது மேலே தெளித்த காப்பு நுரை.

அதனால் எந்த ஓடம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கொலம்பியா என்றால் இறக்கைகளின் மேற்புறம், முன்பக்கத்தில் கருப்புத் திட்டு வேண்டும். மற்ற ஓடங்களுக்கு அது கிடையாது. எண்டர்பிரைஸ் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அது விண்வெளிக்கே போகாத சோதனை ஓடம். 39 முறை போய்வந்த டிஸ்கவரி என் தேர்வு.

அளவுக்கு, ஒரு மீட்டரை ஒரு சென்டிமீட்டராக வைத்துக்கொள்ளுங்கள். ஓடம் 37 செ.மீ., இறக்கை அகலம் 24, தொட்டி 47. பக்கத்து பூஸ்டர்கள் (ஏவும்போது உந்தித் தள்ளும் ராக்கெட்டுகள்) 45 செ.மீ. நீளம், 3.7 செ.மீ. விட்டம், சார்ட்டைச் சுருட்டினாலே போதும்.

கழற்றும்போது பூஸ்டர்கள் முதலில். ஏவிய இரண்டு நிமிடத்தில், 45 கி.மீ. உயரத்தில் பிரிந்து, பாராசூட்டில் அட்லாண்டிக் கடலில் இறங்கும். கப்பல்கள் இழுத்து வரும். எட்டரை நிமிடத்தில் எஞ்சின்கள் அணைந்ததும் தொட்டி பிரியும். அது வளிமண்டலத்தில் சிதைந்துபோகும். மறுபடி பயன்படாத பெரிய பாகம் அது ஒன்றுதான். ஓடமோ எஞ்சின் உதவியே இல்லாமல் மிதந்து வந்து ஓடுபாதையில் இறங்கும்.

நடுவர்கள் நிச்சயம் கேட்பார்கள்: திரும்பப் பயன்பட்டது என்றால் 2011-இல், 135 பயணங்களோடு, ஏன் நிறுத்தினார்கள்? திரும்பி வந்தது உண்மை, ஆனால் உடனே கிளம்ப முடியவில்லை. ஓர் ஓடத்தில் ஏறத்தாழ 24,000 வெப்பக் காப்பு ஓடுகள். சிலிக்கா இழையால் ஆனவை, உள்ளே பெரும்பாலும் காற்றுதான். அலுமினிய உடல் நெளியும்போது உடையாமலிருக்க, நடுவே கம்பளி போன்ற மெத்தை வைத்து ஒட்டியிருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் தனி எண், தனி வடிவம். இறங்கியதும் அத்தனையையும் சோதிக்க வேண்டும். இரண்டு வாரத்தில் மறுபடி பறக்கலாம் என்று கணக்குப் போட்டவர்களுக்கு, அட்லாண்டிஸ் 1985-இல் 54 நாளில் மீண்டும் ஏவப்பட்டதுதான் மிகக் குறைந்த இடைவெளி. செலவு எப்படிக் குறையும்?

விபத்துகளையும் மாதிரியிலேயே காட்டலாம். பூஸ்டரில் இணைப்பு வளையங்களை வரையுங்கள். 1986 ஜனவரி 28 அன்று குளிரில் ரப்பர் வளையம் இறுகி, வலது பூஸ்டரின் கீழ் இணைப்பில் தீ கசிந்தது. 73 நொடியில் சேலஞ்சர் சிதறியது. கல்பனா சாவ்லா சென்ற கொலம்பியாவில், தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு இடது இறக்கையின் முன்விளிம்பை உடைத்தது. 2003 பிப்ரவரி 1 அன்று திரும்பும்போது அந்த ஓட்டை வழியே வெப்பம் புகுந்தது. இரண்டிலும் ஏழேழு பேர் இறந்தார்கள்.

அந்த முன்விளிம்பும் மூக்கும் ஓடுகள் அல்ல, கரிமக் கலவை. அங்கே சாம்பல் நிறம் அடியுங்கள். வயிற்றுப்பகுதி முழுக்கக் கருப்பு. ஓடுகளைக் கட்டம் கட்டமாக வரையப் பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள். இந்த அளவில் ஓர் ஓடு ஒன்றரை மில்லிமீட்டர்தான் வரும்.