மாற்றுப் புடவையும் புளியங்கொட்டையும்

கேள்வி: ஐயா, பி.எட். படிக்கிறேன். சாவித்திரிபாய் புலேவிடம் வருங்கால ஆசிரியர்கள் கற்க வேண்டியது என்ன?
- ஒரு மாணவி, பென்னாகரம்

பதில்: இந்தியாவின் முதல் பெண் ஆசிரியர்களில் ஒருவர் அவர். 1848-இல் புனேயில் பெண்களுக்குப் பாடம் நடத்தப் போனபோது அவருக்கு வயது 17. பெண்கள் படிப்பதை எதிர்த்தவர்கள் வழியில் அவர் மேல் சாணியும் சேறும் எறிவார்களாம். மாற்றுப் புடவை ஒன்றைக் கையோடு கொண்டு போய், பள்ளியில் உடுத்திக்கொண்டு பாடம் எடுத்தார். இதை எல்லாரும் மேடையில் சொல்வார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது, பிள்ளைகள் பாதியில் நிற்கக் கூடாதென்று அவர் உதவித்தொகை கொடுத்ததுதான்.

அஞ்செட்டிப் பக்கம் நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம், மாசி பிறந்ததும் பாதி வகுப்பு காலி. நானும் வீராப்பாக ஆப்சென்ட் போட்டுக்கொண்டிருந்தேன். சத்துணவு ஆயாதான், “எல்லாம் புளி உலுக்கப் போயிருக்குதுங்க சார்” என்றார். போய்ப் பார்த்தால், மரத்தடியில் சாக்கு விரித்து என் நாலாம் வகுப்பு கொட்டை எடுத்துக்கொண்டிருக்கிறது. விரலெல்லாம் பிசுபிசுப்பு. சரி என்று நானும் உட்கார்ந்து, கொட்டைகளை ஏழேழாக அடுக்கி ஏழாம் வாய்ப்பாடு நடத்தினேன்.

பயிற்சிக்குப் போகிற ஊரில் எந்த மாதம் என்ன அறுவடை என்று முதலில் விசாரியுங்கள். நான் மரத்தடியில் உட்கார்ந்த மறுநாள் பள்ளிக்கு மூன்று பேர் வந்தார்கள். மற்றவர்கள் பங்குனி கடந்துதான்.